இயற்கைப் பூங்காவுக்குப் போய்வந்தால் மனம் நிறைவது எதனால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து உறவினர்களையும் கோயில் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஏதேனும் ஒரு பூங்காவுக்குச் சென்றுவருவது எங்கள் வழக்கம். ஏற்பாடுகளைச் செய்பவள் நான் என்பதால், புறப்படுவதற்கு முன்னும் திரும்பிய பின்னும் எல்லாக் கேள்விகளும் என்னிடமே வரும். ஒரே காட்டுக்கு ஒரே வண்டியில் சென்ற இருவரில் ஒருவர் பூரித்துப்போய்த் திரும்புவதும், மற்றவர் முகம் வாடித் திரும்புவதும் ஏன் என்பது என்னை நெடுநாள் குடைந்த கேள்வி. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கண்டும் படித்தும் நான் அறிந்த விடைகளைக் கீழே தந்திருக்கிறேன்.

முதல் முறையாகப் போகிறோம். குரூகருக்கே போய்விடலாமா, பக்கத்தில் எங்காவது போவதா?

பக்கத்திலிருந்து தொடங்குங்கள். குரூகர் தேசியப் பூங்கா வடக்கு தெற்காக ஏறத்தாழ 360 கிலோமீட்டர் நீளமும், இருபதாயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த பரப்பும் கொண்டது. டர்பனிலிருந்து அங்கே போய்ச் சேருவதற்கே ஒரு பகல் முழுவதும் ஆகிவிடும். மூன்று இரவாவது தங்க முடியாதவர்களுக்குப் பயணக் களைப்பு மட்டுமே மிஞ்சும்.

ஹ்லுஹ்லுவே–இம்ஃபோலோசி பூங்கா மூன்று, மூன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது. 1895ஆம் ஆண்டில் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு ஏறத்தாழ 960 சதுர கிலோமீட்டர் மட்டுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகங்கள் உலகிலேயே நூற்றுக்கும் குறைவாக எஞ்சியிருந்தபோது, அவற்றைக் காத்து வைத்திருந்தது இம்ஃபோலோசிப் பகுதிதான். அங்கே பெருகியவற்றை 1960களில் பிற பூங்காக்களுக்கு அனுப்பினார்கள். குரூகருக்கு முதலாவதாகச் சென்றது 1961ஆம் ஆண்டில். இந்த வரலாற்றை வண்டியிலேயே சொல்லிவிட்டால், புல் மேயும் ஒரு காண்டாமிருகத்தைக் காணும்போது நம்மவர்கள் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. காட்டு வழியில் இதுவரை நடந்தே பழகாதவர்களாக இருந்தால், நம் சாட்ஸ்வர்த்திலேயே உள்ள சில்வர்க்ளென் காப்பகத்தில் ஒரு காலைப் பொழுதைக் கழித்துவிட்டு வாருங்கள். அங்குள்ள மூலிகைப் பண்ணையைப் பார்ப்பதற்காகவே போகலாம்.

எந்த மாதம் நல்லது, அக்கா?

விலங்குகளைப் பார்ப்பதே நோக்கமென்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை. மழை இல்லாத அந்த மாதங்களில் புல் காய்ந்து தாழ்ந்துவிடும். சிறு குட்டைகள் வற்றுவதால் விலங்குகள் எஞ்சிய நீர்நிலைகளைத் தேடி வரும். விடியற்காலைக் குளிருக்குப் போர்வை அவசியம். நவம்பருக்குப் பிறகு காடு பசுமையாக இருக்கும், இம்பாலா மான்கள் குட்டி போட்டிருக்கும், தொலைநாட்டுப் பறவைகள் வந்திருக்கும்; ஆனால் அடர்ந்த புதருக்குள் நிற்கும் யானைகூடக் கண்ணில் படாது. குரூகர் மலேரியாப் பகுதி, செப்டம்பரிலிருந்து மே வரை ஆபத்துக் கூடுதல் என்பதால், கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளை அழைத்துச் செல்வோரும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே முடிவு செய்ய வேண்டும். கிழக்குக் கேப் மாகாணத்தின் அட்டோ யானைப் பூங்காவில் மலேரியா இல்லை.

சிங்கத்தைப் பார்க்காமல் திரும்பினால் போட்ட காசு வீண்தானே?

என்னிடம் மிகுதியாக வரும் கேள்வி இதுதான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். மனநிறைவு என்பது பார்த்ததன் அளவு அன்று. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையிலுள்ள தொலைவு. நுகர்வோர் மனத்தை ஆராய்ந்த ரிச்சர்ட் ஆலிவர் என்ற அமெரிக்க அறிஞர் 1980ஆம் ஆண்டில் இதை ஒரு கொள்கையாகவே வகுத்தார். எதிர்பார்த்ததை மிஞ்சிக் கிடைத்தால் மகிழ்ச்சி. அதற்குக் குறைந்தால், கிடைத்தது எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஏமாற்றம். பூங்காவைப் பொறுத்தவரையில் நம் எதிர்பார்ப்பை வளர்த்துவிடுபவை தொலைக்காட்சிப் படங்கள். பல மாதங்கள் காத்திருந்து எடுத்த காட்சிகளை ஒரு மணி நேரத்துக்குள் சுருக்கிக் காட்டுவதால், காடு என்றாலே நொடிக்கொரு வேட்டை நடக்கும் இடம் என்று நம் மனத்தில் பதிந்துவிடுகிறது. 'ஐம்பெரும் விலங்குகள்' என்ற பட்டியலும் அப்படியே. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஆகிய ஐந்தையும் அழகு கருதி யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. நடந்து சென்று வேட்டையாடுவதற்கு மிக ஆபத்தானவை என்று துப்பாக்கி ஏந்தியவர்கள் போட்டுவைத்த பட்டியல் அது. அதை நாம் ஏன் கையில் பிடித்துக்கொண்டு அலைய வேண்டும்?

குரூகரின் ஸ்குகுசா முகாமுக்கு அருகில் லேக் பானிக் என்ற சிறு நீர்த்தேக்கம் உள்ளது. அங்கே மரத்தால் அமைத்த மறைவிடத்தில் இறங்கி அமர்ந்து பார்க்கலாம். ஒருமுறை எங்களுடன் வந்த அத்தை ஒருவர், இரண்டு நாளாகச் சிங்கம் கண்ணில் படவில்லை என்ற மனக்குறையோடு அங்கே வந்து உட்கார்ந்தார். எதிரே அல்லி இலைகளின் மேல் ஓர் இலைக்கோழி நடந்துகொண்டிருந்தது. அதன் கால்விரல்கள் உடலுக்குப் பொருந்தாத நீளம். அந்த நீளத்தால்தான் எடை பரவி இலை அமிழாமல் நிற்கிறது. திடீரென்று அது குனிந்து சிறகுகளைத் தாழ்த்தியது. ஓடிவந்த குஞ்சுகள் சிறகுக்கடியில் புகுந்தன. எழுந்து நடந்தபோது அதன் விலாவின் இருபுறமும் மெல்லிய குஞ்சுக் கால்கள் தொங்கின. குஞ்சுகளைச் சுமப்பது தாய்ப் பறவை அன்று, தந்தைப் பறவை என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னதும் அத்தை வாய்விட்டுச் சிரித்தார். ஊர் திரும்பிய பின் அவர் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது அந்தப் பறவையைப் பற்றித்தான்.

அப்படியானால் எந்த எதிர்பார்ப்பும் வைக்காமல் வரச் சொல்கிறீர்களா?

இல்லை. எதிர்பார்ப்பே இல்லாதவர் கவனிக்கவும் மாட்டார். எதிர்பார்ப்பை, நம் கையில் உள்ளவற்றின் மீது வையுங்கள். விடியலில் வாயில் திறக்கும்போதே உள்ளே இருப்பது, ஒரே நீர்நிலையில் ஒரு மணி நேரம் அசையாமல் இருப்பது, பத்துப் பறவைகளையாவது பெயரோடு அறிவது ஆகியவை நம்மால் முடிந்தவை. சிங்கம் வருவதும் வராததும் சிங்கத்தின் விருப்பம்.

வேகத்தைக் குறைப்பதும் நம் கையில்தான் இருக்கிறது. குரூகரில் தார்ச்சாலையில் மணிக்கு 50, மண்சாலையில் 40 கிலோமீட்டருக்கு மேல் செல்லக் கூடாது என்பது சட்டம். ஆனால் 25க்கு மேல் போனாலே புதருக்குள் நிற்பவை கண்ணிலிருந்து தப்பிவிடுகின்றன என்பது என் அனுபவம்.

கழிப்பறை எப்படி இருக்கும்? ஆயாவுக்கு முழங்கால் வலி.

இதைக் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம். பூங்காவில் நமக்கு வாய்ப்பவை இரண்டு வகை. கழிப்பறை, குடிநீர், நிழல், வழிகாட்டிப் பலகை, தங்குமிடத் தூய்மை போன்றவை ஒழுங்காக இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள். இல்லாவிட்டால் நாள் முழுவதும் கெட்டுவிடும். நீர்நிலையின் அமைதி, எதிர்பாராத ஒரு காட்சி, நன்றாகச் சொல்லும் வழிகாட்டி போன்றவை இல்லாவிட்டால் பலருக்கு அது தெரியாமலே போகும். கிடைத்தால் வாழ்நாள் முழுவதும் மறக்காது. முதல் வகையைச் சரிசெய்யாமல் இரண்டாம் வகையைத் தேடிப் பயனில்லை. முழங்கால் வலியோடு மூன்று மணி நேரம் அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் பாட்டிக்கு யானைக் கூட்டமே எதிரில் வந்தாலும் மகிழ்ச்சி வராது.

குரூகரில் குறிப்பிட்ட இடங்களைத் தவிர வண்டியை விட்டு இறங்கவே கூடாது. ஆகையால் நான் பயணப் பாதையைக் கழிப்பறைகளை வைத்தே வகுக்கிறேன். ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரு முகாமோ உணவு இடமோ வரும்படி பார்த்துக்கொள்கிறேன். முன்பதிவு செய்யும்போதே கைப்பிடியுள்ள குளியலறை வேண்டும் என்று கேளுங்கள்.

புரட்டாசியில் நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

முகாம் உணவகங்களை மட்டும் நம்ப வேண்டாம். குரூகரின் உணவு இடங்களில் எரிவாயுவில் எரியும் 'ஸ்கோட்டல்' என்னும் அகன்ற இரும்புத் தட்டு வாடகைக்குக் கிடைக்கும்; அதில் பிறர் இறைச்சி சமைத்திருப்பார்கள் என்பதால், விரதம் இருப்பவர்கள் தங்கள் பாத்திரத்தையும் சிறு அடுப்பையும் கொண்டுவருவது நல்லது. முதல் நாளுக்குப் புளிச்சோறும் ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் கட்டிக்கொண்டால் போதும். புரட்டாசி வறண்ட பருவத்தின் கடைசியில் வருவதால் விலங்குகளைப் பார்ப்பதற்கும் ஏற்ற மாதம்.

பிள்ளைகள் அரை மணி நேரத்திலேயே சலித்துப்போகிறார்கள்.

சலிப்பது வேலை இல்லாததால். எங்கள் வண்டியில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு குறிப்பேடு இருக்கும்; பார்க்கும் விலங்கின் பெயரைத் தமிழிலும் ஜூலு மொழியிலும் எழுத வேண்டும். நாவில் ஆங்கிலமே வரும் நம் பேரப்பிள்ளைகள் 'நீர்யானை' என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டபோது "நீரில் யானையா!" என்று சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அதையே ஜூலுவில் 'இம்வூபு' என்று வாயிலில் நின்ற காவலர் சொல்லிக்கொடுத்தார். அன்று முழுவதும் அந்த ஒரு சொல்லே வண்டிக்குள் ஒலித்தது.

நண்பகல் வெயிலில் பிள்ளைகளை வண்டியில் வைத்திருக்க வேண்டாம். விலங்குகளும் அப்போது நிழலில்தான் கிடக்கும். குரூகரின் லெடாபா முகாமில் உள்ள யானைக் கூடம் அந்த நேரத்துக்கு ஏற்றது. நீண்ட தந்தங்களால் பெயர்பெற்ற யானைகளின் தந்தங்களை அங்கே வைத்திருக்கிறார்கள்; அதன் பக்கத்தில் தங்கள் உயரத்தை அளந்து பார்க்கும் பிள்ளைகளை வெளியே கூட்டி வருவதே கடினம்.

சொந்த வண்டியில் போவதா, பூங்காவின் வண்டியில் போவதா?

இரண்டும். பகலில் சொந்த வண்டி, குறைந்தது ஒருமுறையாவது பூங்காவின் திறந்த வண்டியில் வழிகாட்டியோடு அதிகாலைப் பயணமோ இரவுப் பயணமோ. வழிகாட்டி விலங்கைக் காட்டுவார் என்பது இரண்டாவது பயன்தான்; முதற்பயன், அதைப் படிக்கச் சொல்லித் தருவார் என்பது. சேற்றில் பதிந்த தடம், கிளையில் உரசிய சேறு, இம்பாலா மான்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நிற்பது ஆகியவற்றின் பொருளை ஒருமுறை கேட்டுவிட்டால், மறுநாள் 'வெறும் மான்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பார்ப்பதன் பொருள் தெரிந்தால் பார்ப்பது கூடுகிறது. சிங்கத்தைப் பற்றி முன்னே சொன்ன குறை இங்கேதான் பெரும்பாலும் தீர்கிறது.

ஒரு சிங்கத்தைச் சுற்றி இருபது வண்டிகள். இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?

உங்கள் வருத்தம் நியாயமானது. கூட்டம் என்பது வெறும் எண்ணிக்கை அன்று. அங்கே எத்தனை பேர் இருக்கலாம் என்று நம் மனத்தில் ஓர் அளவு இருக்கிறது. அதைத் தாண்டும்போதுதான் நெரிசல் என்று உணர்கிறோம். அந்த அளவும் இடத்துக்கு இடம் மாறும். ஸ்குகுசா முகாமின் கடைவாசலில் நூறு பேரைப் பொறுத்துக்கொள்பவருக்கு, ஆற்றங்கரையில் ஐந்தாவது வண்டியே உறுத்தும். பிறர் நடத்தை அதைவிடப் பெரிது. அமைதியாக நிற்கும் பத்து வண்டிகளைவிட, இயந்திரத்தை உறுமவிட்டு இடையில் நுழையும் ஒன்று அதிகம் புண்படுத்தும்.

கண்ட இடத்தை உடனுக்குடன் கைப்பேசியில் பகிரும் வழக்கம் வந்த பிறகு இந்த நெரிசல் கூடியிருக்கிறது. நாங்கள் பகிர்வதில்லை, பகிர்ந்ததைத் தேடி ஓடுவதும் இல்லை. குரூகரில் ஸ்குகுசாவிலிருந்து லோயர் சாபி முகாமுக்குச் செல்லும் ஆற்றோரச் சாலை அழகானது, அதனாலேயே நெரிசலானது. அதை விடியற்காலையில் கடந்துவிட்டு, நண்பகலுக்குள் மண்சாலைகளுக்கு மாறிவிடுங்கள். டிசம்பரிலும் ஈஸ்டரிலும் பகல்நேரப் பயணிகளுக்கு ஒவ்வொரு வாயிலிலும் எண்ணிக்கை வரம்பு உண்டு. முன்பதிவு செய்யாமல் போய் ஒரு வாயிலில் மூன்று மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறோம். அன்று பிள்ளைகள் அழுததை நினைத்தால் இன்றும் மனம் கலங்குகிறது. அதன் பிறகு பதிவுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே புறப்படுகிறோம்.

குரங்குக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தால் என்ன? அனுமார் அல்லவா?

கொடுக்க வேண்டும் என்று தோன்றும் மனத்தை நான் மதிக்கிறேன், ஆனாலும் கொடுக்காதீர்கள். மனிதர் கையிலிருந்து தின்னப் பழகிய குரங்கும் பபூனும் பிறகு கேட்டு வாங்குவதில்லை, பறிக்கின்றன. குரூகரின் என்குலு உணவு இடத்தில் மேசைமேல் வைத்த ரொட்டி கண் இமைக்கும் நேரத்தில் மறைவதைப் பார்த்திருக்கிறேன். பறிக்கத் தொடங்கிய விலங்கு ஆபத்தானது என்று கருதப்பட்டு இறுதியில் சுட்டுக் கொல்லப்படுவதும் உண்டு. நாம் புண்ணியம் என்று நினைத்துக் கொடுக்கும் பழம் அதன் உயிருக்கே உலை வைக்கிறது.

அட்டோ பூங்கா இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1931ஆம் ஆண்டில் 11 யானைகளோடு தொடங்கிய அந்தப் பூங்காவில், யானைகளைப் பார்வையாளர் அருகே வரவழைப்பதற்காக ஆரஞ்சுப் பழங்களைக் கொட்டிவந்தார்கள். யானைகள் பழத்துக்கு அடிமையாகி, ஒன்றையொன்று முட்டி மோதி மூர்க்கமாயின. அந்த வழக்கத்தை நிறுத்திய பிறகும், எலுமிச்சை, ஆரஞ்சு வகைப் பழங்களை உள்ளே கொண்டுசெல்லக் கூடாது என்ற விதி அங்கே நிலைத்துவிட்டது. நம் கூடையில் எலுமிச்சை ஊறுகாய் இருக்குமே. அதையும் வாயிலிலேயே காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாத்தா வர மறுக்கிறார். "அந்தக் காலத்தில் நம்மை எங்கே விட்டார்கள்?" என்கிறார். என்ன சொல்வது?

முதலில் அவர் சொல்வதை முழுமையாகக் கேளுங்கள். குரூகர் 1926ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவானது. நிறவெறி ஆட்சியில் வெள்ளையரல்லாதார் அங்கே செல்லவே தடை இருந்தது என்பது சரியன்று. ஆனால் தங்க இடம் கிடைப்பது அரிது, கிடைத்ததும் தனியே ஒதுக்கப்பட்ட எளிய குடில்கள். பலூலே என்ற சிறு முகாம் அத்தகையது. இன்றும் அங்கே மின்சாரம் இல்லாத வட்டக் குடில்கள் நிற்கின்றன. நம்மைவிடக் கொடுமையாக நடத்தப்பட்டவர்கள் அந்த மண்ணின் மக்கள். குரூகரின் வடகோடியிலுள்ள பஃபூரிப் பகுதியில் வாழ்ந்த மகுலேகே மக்களை 1969ஆம் ஆண்டில் வலிந்து வெளியேற்றி, அவர்கள் நிலத்தைப் பூங்காவோடு சேர்த்தார்கள். 1998ஆம் ஆண்டில்தான் அது அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. நிலத்தைப் பெற்றும் அதைக் காடாகவே வைத்திருக்க அவர்கள் இசைந்தார்கள்.

வரவேற்கப்படுகிறோம் என்ற உணர்வு இல்லாத இடத்தில் யாருக்கும் நிறைவு வராது. எத்தனை வசதி இருந்தாலும் அதை ஈடு செய்ய முடியாது. ஆகவே பெரியவர்களை அழைத்துச் செல்லும்போது முதல் அரை மணி நேரத்தில் நல்ல வரவேற்பு கிடைக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். வழக்கமாகச் செப்டம்பரில் வரும் தேசியப் பூங்கா வாரத்தில் தென்னாப்பிரிக்க அடையாள அட்டை உள்ளவர்களுக்கு நுழைவு இலவசம். சென்ற ஆண்டு அந்த வாரத்தில் எங்களோடு வந்த பெரியவர் ஒருவர், அட்டையை நீட்டியதும் காவலர் "வாருங்கள், அப்பா" என்று ஜூலுவில் சொல்லி வழிவிட்டதை, அன்று பார்த்த எந்த விலங்கையும்விட முக்கியமாகச் சொன்னார்.

கருத்துப் படிவங்களில் எல்லோரும் 'மிக நன்று' என்றே எழுதுகிறார்கள். நம்பலாமா?

பாதி நம்பலாம். தானே தேர்ந்தெடுத்து, பணம் கட்டி, நெடுந்தூரம் வந்தவர் தம் தேர்வு தவறு என்று ஒப்புக்கொள்ள விரும்புவதில்லை. கூட்டம் பிடிக்காதவர்கள் வேறிடம் போய்விடுவதால், படிவம் நிரப்ப எஞ்சியிருப்பவர்கள் திருப்தியானவர்களே. இதனால் பூங்கா கெட்டுக்கொண்டே வந்தாலும் மதிப்பெண் குறையாமல் இருக்கக்கூடும். மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, குறிப்பான செய்திகளைப் படியுங்கள்: சூடான நீர் வந்ததா, மண்சாலை எப்படி இருக்கிறது, எத்தனை மணிக்கு வரிசை தொடங்குகிறது.

போன முறை அவ்வளவு நன்றாக இருந்ததே, இந்த முறை ஏன் சப்பென்று போய்விட்டது?

போன முறை கிடைத்தது இந்த முறைக்கு அளவுகோலாகிவிட்டது. எதிர்பார்ப்பைப் பற்றி மேலே எழுதியதை மீண்டும் பாருங்கள். அதே பூங்காவுக்கு வேறு நோக்கத்தோடு செல்லுங்கள்: ஒருமுறை மரங்களுக்காக, ஒருமுறை பறவைகளுக்காக. அல்லது நிலத்தையே மாற்றுங்கள். செயின்ட் லூசியா முகத்துவாரத்தில் படகில் சென்று நீர்யானைகளைப் பார்க்கலாம். டிராக்கன்ஸ்பர்க் மலையில் உள்ள ஜயன்ட்ஸ் காசில் குகையில், இந்த மண்ணின் தொல்குடிகளான சான் மக்கள் தீட்டிய ஓவியங்களின் முன் நிற்கலாம்.

குறை இருந்தால் யாரிடம், எப்படிச் சொல்வது?

முகாமை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே, வரவேற்பு மேசையில், எழுத்தில். 1977ஆம் ஆண்டு முதல் வழக்கத்தில் உள்ள ஒரு முறை எனக்குப் பிடிக்கும். ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள்: இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், இது எவ்வளவு நன்றாக இருந்தது. மிக முக்கியம், ஆனால் மோசம் என்று வருவதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். நம் புகாரையும் அப்படியே எழுதலாம். 'எதுவும் சரியில்லை' என்பதற்குப் பதிலாக, 'கைப்பிடி இல்லாததால் எழுபது வயது அம்மாவால் குளிக்க முடியவில்லை' என்று எழுதினால் செய்ய வேண்டியது என்ன என்பது படிப்பவருக்கு விளங்கும்.

திரும்பும் நாளில் எல்லோரும் எரிச்சலோடு இருக்கிறார்கள். அதற்கு ஏதாவது வழி உண்டா?

உண்டு, அதை நான் தாமதமாகத்தான் கற்றேன். டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் உடனிருந்தவர்களும் 1993ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒருமுறை குளிர்நீரில் கையை ஒரு நிமிடம் வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே ஒரு நிமிடத்தோடு, நீரின் குளிரைச் சற்றே குறைத்து மேலும் அரை நிமிடம் வைக்கச் சொன்னார்கள். எதை மீண்டும் செய்வீர்கள் என்று கேட்டபோது, வலி நீண்டிருந்தும் பலர் இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார்கள். நினைவில் நிற்பவை உச்சமும் முடிவும். கால அளவு அன்று.

முன்பெல்லாம் கடைசிக் காலை மூட்டை கட்டுவதிலும் கணக்குத் தீர்ப்பதிலும் சச்சரவிலுமே போகும். இப்போது முந்திய இரவே பைகளைக் கட்டிவிட்டு, லோயர் சாபி முகாமை ஒட்டிய சன்செட் அணைக்கரையில் வண்டியை நிறுத்துகிறோம். நீர்யானைகளின் காதுகள் மட்டும் நீருக்கு மேல் தெரியும். முதலைகள் கரையில் கிடக்கும். கரும்வெள்ளை மீன்கொத்தி ஒன்று நின்ற இடத்திலேயே சிறகடித்து, கல் விழுவதுபோல் நீரில் விழுந்து எழும். குடுவையிலிருந்து ஏலக்காய்த் தேநீரை ஊற்றிக் கையில் கொடுத்தால், கால் மணி நேரம் யாரும் பேசமாட்டார்கள். அங்கிருந்து குரோக்கடைல் பிரிட்ஜ் வாயில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். அந்தக் கால் மணி நேரத்துக்காகவே கடைசி நாளில் எல்லோரையும் இருட்டோடு எழுப்பிவிடுகிறேன்.